பதம் பார்த்த சுவர்

காலையில் பெயின்ட் டப்பாவுக்குள் பார்த்த நிறமும் மாலையில் சுவரின்மேல் பார்த்த நிறமும் தூரத்து உறவு என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாதவையாக இருந்தன. தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையை இறக்கி வைக்கவும் மறந்து அவர் கூடத்தின் நடுவில் நின்றார்.

“தம்பி, இது என்ன?”

“சுவர் சார்.”

“சுவர்னு தெரியுது. என்ன கலர்?”

ஏணியின் மேற்படியில் இருந்த பெயின்டர், தானும் இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவரைப் போலக் கழுத்தைச் சாய்த்துச் சுவரை ஆராய்ந்தார். “நீங்க குடுத்துட்டுப் போன டப்பாவுல ஒரு சொட்டு மிச்சம் வைக்கல சார். எல்லாம் இந்தச் சுவத்துலதான் இருக்கு. என் பிரஷ் மேல சத்தியம்.”

அந்தக் குடியிருப்பில் எல்லார் கைபேசியிலும் எண் இருக்கும் அந்தப் பெயின்டருக்கு, எதற்கெடுத்தாலும் பிரஷ்மேல் சத்தியம் செய்வது பழக்கம். தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஒரே பிரஷ்தான் வைத்திருப்பதாகவும், பொய்ச் சத்தியம் செய்தால் அதன் மயிர் உதிர்ந்துவிடும் என்றும் அவர் நம்பினார். பிரஷ் அடர்த்தியாகவே இருந்தது. ஆகவே அவரைச் சந்தேகிக்க இடமில்லை.

“நான் குடுத்தது காஞ்ச இலை கலர். இது காஞ்ச இலையா? வெந்ததும் வேகாததுமா, பால் பிஸ்கட் மாதிரி வெளிறிக் கெடக்கு.”

“வெயில்ல பாத்தா வேற மாதிரி தெரியும் சார்.”

“வீட்டுக்குள்ள ஏது வெயில்?”

“அதான் சார் தெரியல.”

நிறத்தைப் பற்றி வீட்டுக்காரர் பேசும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திக் கேட்பது வழக்கம். பிஸ்கட் தொழிற்சாலையில், அடுப்பிலிருந்து நீளப் பட்டையில் வெளிவரும் பிஸ்கட்டுகளின் நிறத்தைச் சோதிப்பவர் அவர். பட்டையின் முடிவில் ஒரு சிறு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு விளக்கு, ஒரு முக்காலி, வெளிறல் முதல் கருகல் வரை வரிசையாக நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டை. ஆனால் அந்த அட்டையை அவர் பார்த்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. ஒரு பிஸ்கட்டை எடுப்பார், விளக்கில் காட்டுவார், “பதம்” என்பார். தட்டு நகரும். “பதம் இல்ல” என்றால் அடுப்பே நிற்கும். தொழிற்சாலை முழுவதும் அவர் ‘பதம் சார்’தான். சம்பளப் பிரிவுகூடப் பல சமயம் அந்தப் பெயரில்தான் அவரைத் தேடியது.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சுவர் பதம் தப்பிவிட்டது.

வேறொரு நாளாக இருந்தால் அவர் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கக்கூடும். ஆனால் வரும் ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள்.

அந்தக் குடியிருப்பு கட்டப்பட்ட காலத்தில் வளைவுதான் நாகரிகமாக இருந்திருக்க வேண்டும். பால்கனி வளைந்திருந்தது, கூடத்தின் மூலைகள் வளைந்திருந்தன, மாடிப்படியின் கைப்பிடிகூட ஒரு முடிவுக்கு வர மனமில்லாததைப் போல வளைந்து வளைந்தே ஏறியது. தரையில் மொசைக். சுவரோடு சேர்த்துச் செய்த மர அலமாரி. வீட்டோடு சேர்ந்து வயதான, கால்கள் வெளிப்புறம் சாய்ந்த நாற்காலிகள். இத்தனை அழகுக்கும் நடுவே சுவர்கள் மட்டும் வெளிறிய பச்சை.

மகள் ஒருநாள் அந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துதான் சொன்னாள். “அப்பா, இந்த வீட்ல மரம், தரை, வளைவு எல்லாமே அழகு. சுவர்தான் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. மண்ணு, தேன், காஞ்ச இலைன்னு இயற்கையில இருக்கிற நிறமா வந்தா வீடே வெதுவெதுன்னு ஆயிடும். நான் இதைத்தான்ப்பா படிக்கப் போறேன்.”

“சுவத்துக்குச் சாயம் பூசறதுக்கெல்லாம் ஒரு படிப்பா? பிரஷ் வெச்சிருக்கிறவன் பாத்துக்குவான்” என்று அவர் சொன்னார். நல்ல அலுவலக வேலையை அவள் விட்டுவிட்டாள். வேறு ஊருக்குப் போய், படித்து, இப்போது அறைகளை அலங்கரிப்பதே அவளுக்குத் தொழில். அன்றிலிருந்து அவளுடைய அழைப்புகள் அம்மாவின் கைபேசிக்கு மட்டுமே வந்தன. “அப்பா எப்படி இருக்கார்?” என்று அங்கிருந்து ஒரு கேள்வி வரும். “எப்படி இருக்காளாம்?” என்று இங்கிருந்து ஒன்று போகும். இரண்டு கேள்விகளும் அம்மாவைக் கடந்து மறுபக்கம் சேருவதற்குள் ஆறிப்போய்விடும்.

இப்போது ஒரு வேலையாக இந்தப் பக்கம் வருகிறவள், “மத்தியானம் சாப்பிட்டுட்டு சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிடுவேன்மா” என்று சொல்லியிருந்தாள். சாப்பாடு அவருக்குப் பிரச்சினையில்லை. அந்தச் சாயங்கால ரயில்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. மகள் கொண்டுவரும் பை இந்த வீட்டில் திறக்கப்பட வேண்டும், ஒரே ஓர் இரவாவது அவள் இங்கே தூங்க வேண்டும். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை. எனவே தன் சார்பில் சுவரைப் பேசவிடலாம் என்று முடிவுசெய்திருந்தார்.

“அவகிட்ட மூச்சு விடக்கூடாது. வந்து பாத்துதான் தெரிஞ்சுக்கணும்” என்று மனைவிக்கும் பெயின்டருக்கும் ஒரே கட்டளை. பெயின்டர் உடனே பிரஷ்மேல் சத்தியம் செய்தார். மனைவி மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

“சின்ன வீடுங்க. அவ்வளவு பழுப்பு அடிச்சா இருட்டிடாதா?”

“பதம் எனக்குத் தெரியும்.”

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். வாழ்க்கையின் பெரும்பகுதியை அவரோடு கழித்தவள். எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் தொழிற்சாலையில், மாவு பிசையும் பிரிவின் தலைவரும் பதம் சாரின் பழைய நண்பருமான மாவு மாஸ்டர் விஷயத்தைக் கேட்டு யோசித்தார். சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவந்த சிறு செதிலைக் கூண்டுக்குள் விளக்கில் காட்டினார்கள். அங்கே அது நன்றாகவே இருந்தது.

“பாத்தியா? கோளாறு சுவத்துல இல்ல” என்றார் மாவு மாஸ்டர்.

“பின்ன?”

“விளக்குல. இத்தனை வருஷமா நீ இந்த பல்புலதான் நிறம் பாக்குற. வீட்டுல எரியிறது வேற பல்பு. இதே மாதிரி ஒண்ணை வீட்டுல மாட்டு. எல்லாம் சரியாப் போயிடும்.”

நிறம் என்பது பொருளின் குணமா, ஒளியின் குணமா, அல்லது பார்ப்பவரின் மனநிலையா என்ற கேள்வி அதுவரை பதம் சாரைத் துன்புறுத்தியதில்லை. பிஸ்கட் அப்படிப்பட்ட கேள்விகளை எழுப்புவதில்லை. ஆனால் நண்பரின் வாதத்தில் ஒரு தர்க்கம் இருந்தது. அன்று மாலையே கூடத்தின் நடுவில் கூண்டு விளக்கின் உடன்பிறப்பு ஒன்று தொங்கியது.

பொத்தானை அழுத்தியதும் வீடு தகதகவென்று மின்னியது. சுவர் சரியாகிவிட்டது. நாற்காலிகளும் சரியாகிவிட்டன. பழைய துடைப்பம்கூட நல்ல பதத்தில் இருந்தது. எது தவறு என்று சொல்லமுடியாத அளவுக்கு எல்லாமே சரியாக இருந்ததுதான் தவறு.

“என்னங்க, வேர்க்குது” என்றாள் மனைவி.

“கொஞ்ச நேரத்துல பழகிடும்.”

“எனக்குப் பழகறதுக்குள்ள நான் மொறுமொறுன்னு ஆயிடுவேன்.”

அதற்குள் அழைப்புமணி ஒலித்தது. எதிர்வீட்டு அம்மாள் கவலையுடன் நின்றிருந்தார். “உங்க ஜன்னல்ல செக்கச்செவேல்னு வெளிச்சம் தெரியுது. ஏதாவது தீப்பிடிச்சிருக்கான்னு பாத்துட்டுப் போக வந்தேன்.”

வாசலுக்கு வழிந்த வெளிச்சத்தில் எதிர்வீட்டு அம்மாளின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பதம் சார், தன்னை மறந்து, “நல்ல பதம்” என்றார்.

எதிர்வீட்டுக் கதவு அன்று வழக்கத்தைவிடச் சத்தமாகச் சாத்தப்பட்டது. விளக்கை மனைவியே முக்காலி போட்டு ஏறிக் கழற்றினாள். “மனுஷங்களைப் பாத்து என்ன பேசறோம்னு இல்லையா? ஒரு தட்டு பிஸ்கட்டைப் பாத்த மாதிரி!”

“வாய் தவறி வந்துடுச்சும்மா.”

“என்னைப் பாத்து இத்தனை வருஷத்துல ஒரு தடவை வாய் தவறலையே!”

இதற்குப் பதிலாக அவர் இன்னும் கூடுதல் பழுப்பாக ஒரு டப்பா வாங்கிவந்தார். வண்ணக் கடைப் பெண் அதைக் ‘காட்டு மண்’ என்று அறிமுகப்படுத்தினாள். மறுநாள் காலை, “தம்பி, இதை அடி. முதல் பூச்சு தெரியக்கூடாது” என்று கட்டளையிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது பெயின்டர் பால்கனியில், கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, “சரிங்க… இன்னும் கொஞ்சமா? சரிங்க, சரிங்க” என்று குழைந்துகொண்டிருந்தார். பதம் சாரைக் கண்டதும் அழைப்பு அவசரமாக முடிந்தது.

“யாரு?”

“வேற பார்ட்டி சார். வேலை நடக்கறப்ப சுவத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுவேன். அதைப் பாத்துட்டு வெளியூர்லேர்ந்தெல்லாம் கூப்பிடுறாங்க. தொழில்ல ஒரு பேர் இருக்கில்ல.”

“முதல்ல இந்தச் சுவத்துல உன் பேரைக் காப்பாத்து” என்றபடி பதம் சார் கூடத்துக்குள் நுழைந்தார். நுழைந்தவர் நின்றார்.

காட்டு மண் மஞ்சளாக இருந்தது. முழு மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. வெளிறிய பழுப்புக்குள் யாரோ ஒரு கரண்டி வெயிலை விட்டதுபோல ஒரு மஞ்சள்.

“தம்பி…”

“டப்பாவுல ஒரு சொட்டு மிச்சம் இல்ல சார். என் பிரஷ் மேல…”

“வேணாம். நம்புறேன்.”

அந்த நம்பிக்கைதான் அவரை நிலைகுலையச் செய்தது. பெயின்டர் பொய் சொல்லவில்லை. கடை தவறான டப்பாவைக் கொடுக்கவில்லை. மூடியைத் திறந்து அவரே பார்த்தார். விளக்கும் நிரபராதி என்று தெரிந்துவிட்டது. இந்தக் கணக்கில் மிச்சம் இருந்தவை இரண்டே இரண்டு கண்கள். அவை அவருடையவை.

சமையலறையில் மனைவி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

“அது என்ன வெள்ளை?” என்றார் கலவரத்துடன். அதுவும் தன் கண்ணின் கோளாறாக இருக்குமோ என்ற பயம் அவருக்கு.

“மாவு” என்றாள் அவள், குழாயை இன்னும் வேகமாகத் திறந்து.

மாவை மாவு என்று உறுதிப்படுத்திக்கொண்டதில் அவருக்கு ஒரு சிறு ஆறுதல்.

மறுநாள் கூண்டில் அவருடைய கை முதன்முறையாகத் தயங்கியது. பிஸ்கட்டை விளக்கில் காட்டினார், திருப்பினார், மறுபடி காட்டினார். பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் “பதம் இல்ல” என்று ஒரு தட்டைத் தள்ளினார்; அடுப்பு நின்றது. மாவு மாஸ்டர் வந்து அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார், கடித்தும் பார்த்தார்.

“இதுல என்ன குறை? நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாவா இருக்கு?”

மாவு மாஸ்டர் மெல்லுவதை நிறுத்தினார். பதம் சார் இன்னொருவரிடம் கேள்வி கேட்டு அந்தத் தொழிற்சாலையில் யாரும் பார்த்ததில்லை. “நீ இன்னைக்கே போய் கண்ணைக் காட்டிட்டு வா” என்றார் தாழ்ந்த குரலில். “மேல இருக்கிறவங்க காதுல விழுந்தா உன்னைப் பொட்டலம் கட்டுற இடத்துக்கு மாத்திடுவாங்க.”

கண் மருத்துவர் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் பார்க்கச் சொன்னார். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைக் கேட்டார். எல்லாவற்றையும் பதம் சார் பிசகின்றிச் சொன்னார். சில எண்களின் ஓரத்தில் அச்சு மங்கியிருப்பதையும் சேர்த்துச் சொன்னார்.

“உங்க கண்ணு என் கண்ணை விட நல்லா இருக்கு” என்றார் மருத்துவர்.

“நல்லா பாருங்க டாக்டர். எங்கயாவது ஒரு கோளாறு இருக்கும்.”

“ஒண்ணும் இல்லைங்க.”

“சின்னதா? ஓரமா?”

“இவ்வளவு கெஞ்சிக் கேக்கறீங்களேன்னு நான் இல்லாத நோயை எப்படிக் குடுக்கறது?”

கண்ணில் நோயில்லை என்ற செய்தியைச் சுமந்துகொண்டு இவ்வளவு சோர்வாக அந்த மருத்துவமனையிலிருந்து வெளியேறியவர் வேறொருவர் இருந்திருக்க மாட்டார். மருத்துவர் புள்ளிகளைப் பார்ப்பவர், பதம் பார்ப்பவரல்ல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பார்வை போகவில்லை, பார்வைக்குள் இருந்த தீர்ப்பு போய்விட்டது. அதற்கு எந்தக் கண்ணாடியும் இல்லை.

தீர்ப்பு போனவனுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அன்று அடுப்பிலிருந்து வந்தவற்றில் மாவு மாஸ்டரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு பிஸ்கட்டைத் தாளில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுவரின் நடுவில், கண் மட்டத்தில், ஒட்டுநாடாவால் ஒட்டினார். பக்கத்தில் புதிய டப்பாவை வைத்தார். இது இருந்தவற்றிலேயே ஆழ்ந்த பழுப்பு. மழை நனைத்த மரப்பட்டையின் நிறம்.

பெயின்டர் பிஸ்கட்டைப் பார்த்தார். “சார், சுவத்துக்கு டிபனா?”

“இதான் அளவு. சுவரும் பிஸ்கட்டும் ஒண்ணா தெரியணும். பிஸ்கட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியக்கூடாது.”

“தின்னுட்டா தெரியாது சார்.”

“தம்பி!”

“அடிக்கிறேன் சார்.”

மறுநாள் அவர் வேலை முடிந்து திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே வரவிடாமல் கதவை ஒரு கையால் மறைத்தபடி, “முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க” என்றாள். நல்ல செய்திக்கு முன்னால் யாரும் தண்ணீர் கொடுப்பதில்லை.

சுவரில் பூச்சு இன்னும் காயவில்லை. நிறத்தைப் பற்றிப் பேசும் கட்டத்தைச் சுவர் கடந்திருந்தது. தரையிலிருந்து பிஸ்கட்வரை கறுப்பாக, ஓர் உறுதியான கோடு. கோடு அசைந்தது. அதன் ஒரு பகுதி ஈரத்தில் சிக்கி நிரந்தரமாகிவிட்டது, மீதி அவற்றைச் சுற்றிக்கொண்டு மேலேறியது.

“எறும்பு” என்றார் பதம் சார், பலவீனமாக.

“முதல்ல நான் டிசைன்னு நினைச்சேன் சார்” என்றார் பெயின்டர். “அப்புறம் டிசைன் என் கால் மேல ஏறிச்சு.”

“இவருக்கு இது தேவையா?” என்றாள் மனைவி சுவரைப் பார்த்து, சுவர் நடுநிலையான ஆள் என்பதுபோல. “பொண்ணு வரப்போறா. வீட்டை அழகுபடுத்துறேன்னு சொல்லிட்டு எறும்புக்குக் கல்யாண விருந்து வெச்சிருக்கார்.”

சுவரின் அந்தப் பாகம் முழுவதையும் சுரண்ட வேண்டியதாயிற்று. சுரண்டியதில் அடியில் இருந்த பழைய பச்சை எட்டிப் பார்த்தது. ‘நான் எங்கும் போய்விடவில்லை’ என்று அது சொல்வதாகப் பதம் சாருக்குப் பட்டது.

சனிக்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். இம்முறை பூச்சு நடக்கும்போது நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிடுவது என்பது திட்டம். உட்கார்ந்தும் விட்டார். பெயின்டர் டப்பாவைத் திறந்தார், கிளறினார், பிரஷை எடுத்தார், வைத்தார், தலையைச் சொறிந்தார், மறுபடி கிளறினார்.

“ஏன் தம்பி, ஆரம்பிக்கலையா?”

“நீங்க பாத்தா கை ஓட மாட்டேங்குது சார்.”

அப்போது மனைவி வந்தாள். “என்னங்க, இயற்கை இயற்கைன்னு சொல்றீங்க, பால்கனியில ஒரு செடி உண்டா? திரைச்சீலை நான் தைச்சிட்டேன், மெத்தைக்குப் பாசிப்பச்சையில உறையும் போட்டாச்சு. ஒரு செடி கூட இல்லாம அவ வந்து நின்னா என்ன நினைப்பா?”

மகள் என்ன நினைப்பாள் என்ற கேள்விக்கு எதிராக அவரிடம் எந்த அரணும் இல்லை. செடி வாங்கப் போனார். போனவர், ஒவ்வொரு செடியாக எடுத்து இலையை வெளிச்சத்தில் காட்டி, திருப்பிப் பார்த்து, எதையும் தீர்மானிக்க முடியாமல் நின்றார். நாற்றங்கால்காரர் பொறுமையிழந்து, “ஐயா, எல்லாமே பச்சைதான்” என்று சொல்லி அகலமான இலையுள்ள ஒன்றை அவர் கையில் திணித்து அனுப்பிவைத்தார்.

தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் படியேறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெயின்டர் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தார். மனைவியின் முழங்கையில் வெள்ளையாக ஒரு தீற்றல். அவள் அதிகமாகவே மாவு பிசைகிற வாரம் இது. சுவர் மாலை வெளிச்சத்தில் நின்றது.

அது மழை நனைத்த மரப்பட்டை இல்லை. காட்டு மண் இல்லை, காய்ந்த இலை இல்லை, பிஸ்கட்டும் இல்லை. அவர் தேர்ந்தெடுத்த எதுவும் இல்லை.

அவர் கோபப்படவில்லை. செடியை மெதுவாக இறக்கி வைத்தார். “போதும் தம்பி. நீ நல்லாத்தான் அடிச்சிருப்ப. எனக்குத்தான் தெரியல.”

பெயின்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சமையலறை வாசலைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், கடைசியாகப் பிரஷைப் பார்த்தார். “ஏணி இங்கயே இருக்கட்டும் சார், நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கையில் ஒரே ஒரு பை. அதை வாசலை ஒட்டி, போகும்போது எடுக்க வசதியான இடத்தில் வைத்தாள். பதம் சாரின் கண் அந்தப் பையைத்தான் முதலில் பார்த்தது.

“வாம்மா.”

“நல்லா இருக்கீங்களாப்பா?”

நடுவில் யாரும் இல்லாமல், நேரடியாக, நெடுங்காலத்துக்குப் பிறகு ஒரு கேள்வியும் ஒரு பதிலும். “இருக்கேன்” என்றார்.

அவள் கூடத்துக்குள் வந்தாள். சாய்ந்த கால் நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். துருச்சிவப்புத் திரைச்சீலையைத் தாண்டி வந்த ஒளி சுவரின் வளைந்த மூலையில் தேங்கி நின்றது. தேனில் ஊறிய மண் போலவும், வெயிலில் கிடந்த வைக்கோல் போலவும், இரண்டும் இல்லாதது போலவும் அது இருந்தது. பால்கனியில் அகல இலை ஒன்று அசைந்தது.

“அப்பா…” என்றாள். “ரொம்ப அழகா இருக்கு. யாரு தேர்ந்தெடுத்தது?”

“அப்பாதான்” என்றாள் அம்மா சட்டென்று.

“நான்தான்” என்று அவர் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் முப்பது ஆண்டுகளாகப் பதமில்லாத எதையும் பதம் என்று சொல்லிப் பழகாத வாய் அது.

“இல்லம்மா. நான் தேர்ந்தெடுத்தது இது இல்ல. நான் ஒண்ணு நினைச்சேன், சுவத்துல வேற ஒண்ணு வந்துச்சு. திரும்பத் திரும்ப அடிச்சேன், திரும்பத் திரும்பத் தப்பு. எனக்கு நிறம் பாக்கத் தெரியல.” நாற்காலியில் உட்கார்ந்தார். “அன்னைக்கு உன்கிட்ட என்னவோ சொன்னேனே… பிரஷ் வெச்சிருக்கிறவன் பாத்துக்குவான்னு. ஒரே ஒரு சுவரு. ஒரு வாரமா என்னால முடியல. நீ படிச்சது பெரிய படிப்புதாம்மா.”

மகள் தந்தையைப் பார்த்தாள். பிறகு, காரணமே இல்லாமல், குற்றம் செய்தவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவும் அதே நேரத்தில், வேறு பக்கமாக, தலையைக் குனிந்துகொண்டு திரைச்சீலையின் மடிப்பைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“உன் அம்மாகிட்டகூட இதைச் சொல்லல” என்று அவர் தொடர்ந்தார். “வேலையிலயும் கை தயங்குது. டாக்டர் ஒண்ணும் இல்லங்கறார். எனக்குள்ள என்னவோ போயிடுச்சு. நாளைக்குப் போய், இனிமே என்னால பதம் சொல்ல முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்.”

“என்னங்க சொல்றீங்க!” என்றாள் மனைவி.

“அப்பா, அதெல்லாம் வேணாம்ப்பா, வந்து…” என்றாள் மகள்.

இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள், ஒருவரையொருவர் வியப்போடு பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் வாசற்கதவு தட்டப்பட்டது.

“சார், ஏணியை எடுத்துட்டுப் போக வந்தேன்” என்றார் பெயின்டர். நுழைய முயன்றவரின் கால் பையில் இடறியது. “இந்தப் பை வழியில இருக்கே. எங்க வைக்க?”

“உள் ரூம்ல வைங்க” என்றாள் மகள். “நான் நாளைக்குத்தான் போறேன்.”

பதம் சார் அதைக் கேட்டார். கேட்டது சரிதானா என்று மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் சரிதான் என்று தெரிந்தது. அந்தத் தெம்பில் எழுந்து போய்ப் பெயின்டரின் எதிரில் நின்றார்.

“தம்பி, இப்ப எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். உன் பிரஷ் மேல சத்தியமா ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் கண்ணு போச்சா?”

பெயின்டர் பையை உள்ளறை வாசலில் இறக்கினார். அம்மாவைப் பார்த்தார்; அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். மகளைப் பார்த்தார், அவளும் அதேபோல அசைத்தாள். இடுப்பில் செருகியிருந்த பிரஷை எடுத்து, இன்னும் எத்தனை நாள்தான் இதைக் காப்பாற்ற முடியும் என்பதுபோல ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

“உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார், நீங்க குடுத்த பழுப்புல ‘அவர்கிட்ட சொல்லிடாத’ன்னு அம்மா தினமும் வெள்ளையை ஊத்தினாங்க, ஸ்டேட்டஸ்ல இந்த வீட்டைப் பாத்துட்டு ‘அவங்க ரெண்டு பேருக்கும் தெரியக்கூடாது’ன்னு அக்கா போன்லயே தேன் மஞ்சளைக் கலக்கச் சொன்னாங்க, ‘பொண்ணுகிட்ட மூச்சு விடாத’ன்னு நீங்க சொன்னீங்க, மூணு பேரும் ஒரே வாளியில இவ்வளவு அழகாக் கலந்துட்டு, ஒருத்தரோட ஒருத்தர் பேசாம இருந்தா, என் ஒத்தைப் பிரஷ் எத்தனை சத்தியத்தைத்தான் சார் தாங்கும்?”